சென்னை காலியானால் கிருஷ்ணகிரி என்னாகும்? புயல்கால வெளியேற்றத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன்

பாரூர் ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வாரமாக இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. இங்கே யாருக்காவது விளங்கும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஹரிக்கேன் வருமுன் கடலோர நகரங்களைக் காலி செய்கிறார்கள். எந்தச் சாலையில் எத்தனை கார் போகும், கடைசிக் கார் எப்போது தப்பும் என்று முன்கூட்டியே சிமுலேஷன் செய்து பார்க்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்தபோது வரைபடத்தில் நம் ஊர் கண்ணில் பட்டது. சென்னையிலிருந்து வேலூர் வழியாக வரும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாக வரும் 77ஆம் எண் சாலையும் வந்து சேருமிடம் கிருஷ்ணகிரி. ஓசூர், சேலம் போகும் 44 அங்கேதான் அவற்றை வாங்கிக்கொள்கிறது. வடதமிழகக் கடற்கரை மொத்தமும் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினால், இரண்டு வாய்க்கால் தண்ணீரும் ஒரே மதகில் வந்து முட்டும். அந்த மதகு நாம்.

சுமோ என்ற இலவச மென்பொருளில் செய்தேன். டாடா வண்டி அல்ல, ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தில் உருவானது. சாலைகளை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து இறக்கினேன். முதல் நாள் எல்லா வண்டியும் வலப்பக்கமாகப் போனது. இடப்பக்கத்துக்கு மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு இரவு போயிற்று. 60,000 கார்கள் என்று வைத்துக்கொண்டேன், எல்லாம் என் ஊகம்தான். 48இல் 40,000, 77இல் 20,000. பன்னிரண்டு மணி நேரத்தில் சீராகப் புறப்படுகின்றன.

முடிவு: 15 மணி 40 நிமிடத்தில் கடைசிக் கார் கிருஷ்ணகிரியைத் தாண்டிவிடுகிறது. நடுவில் நெரிசல் கூடுகிறது, பிறகு தானாகக் கரைகிறது. எனக்கே நம்ப முடியவில்லை. தவறு எங்கே இருக்கிறது?

---

பதினாறு சக்கரம்

தம்பி, தீபாவளிக்கு முந்தைய நாள் சாயங்காலம் சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி டோல்கேட் வரை வந்து பார்த்திருக்கிறீர்களா? தானாகக் கரைகிறதாம்.

---

கணக்கு வாத்தியார்

தவறு எங்கே என்று கேட்டதற்கே முதலில் பாராட்டு. பலர் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஓட்டி முடித்ததும் கறுப்புத் திரையில் எச்சரிக்கை வரிகள் வந்திருக்குமே, படித்தீர்களா? சுமோவில் ஒரு வண்டி 300 விநாடி அசையாமல் நின்றால், மென்பொருள் அதைத் தூக்கி அதன் பாதையில் அடுத்து எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைத்துவிடும். சந்திப்புகள் பூட்டிக்கொண்டு முழு ஓட்டமும் நின்றுபோகக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. சாதாரண நாள் நெரிசலுக்கு அது பெரிய பிழை ஆகாது. நீங்கள் தேடுவதே அசையாமல் நிற்கும் வண்டியை. அதைத்தான் அது மறைக்கிறது.

அந்த எண்ணை எதிர்மறையாகக் கொடுங்கள், தூக்கி வைப்பது நின்றுவிடும். பிறகு ஓட்டிவிட்டு வாருங்கள்.

---

பாரூர் ஏரிக்கரை

ஐயா, எச்சரிக்கை வரிகள் 11,412. நான் அவற்றை ஒரு வரி விடாமல் சுருட்டி மூடியிருந்தேன்.

ஐந்து நிமிடம் நின்ற காரையெல்லாம் அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கியதுபோலத் தூக்கிக்கொண்டு போய் காவேரிப்பட்டினத்துப் பக்கம் வைத்திருக்கிறது. நெரிசல் கரைந்தது அப்படித்தான்.

எதிர்மறை எண் போட்டு மறுபடி ஓட்டினேன். ஆறாவது மணி நேரத்தில் 48உம் 77உம் சேரும் இடம் சிவப்பாயிற்று. ஒன்பதாவது மணியில் வால் பர்கூரைத் தொட்டது. 24 மணி நேரம் முடிந்தபோது தாண்டியவை 38,000 சொச்சம். இன்னொன்றும் கண்ணில் பட்டது: சாலையில் நுழையவே இடமில்லாமல் வரைபடத்துக்கு வெளியே ஒரு வரிசை காத்திருக்கிறது. திரையில் அது தெரியாது, கணக்குப் பட்டியலில் மட்டும் இருக்கும். திண்டிவனம் முனையில் அப்படி ஆயிரக்கணக்கில் நின்றன. வீட்டு வாசலிலேயே கார் நிற்கிறது என்று பொருள்.

---

பாலக்கோட்டுக்காரன்

நான் இப்போது பாலக்கோட்டில் இருக்கிறேன். 2005இல் அமெரிக்காவில், ஹூஸ்டனில் வேலை. ரீட்டா புயல் வந்தபோது அந்த வரிசையில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து நான்கு வாரம் கூட முழுதாக ஆகவில்லை. கூரை மேல் நின்று கையசைத்த முகங்களை நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டோம். காலி செய்யச் சொன்னது கடலோரப் பகுதிகளையும் தாழ்வான பகுதிகளையும்தான். என் வீடு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. கடலிலிருந்து வெகுதூரம். இருந்தும் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பினார், எதிர்வீட்டுக்காரர் கிளம்பினார், நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது?

செப்டம்பர் 22, வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவி, இரண்டு வயது மகன், ஒரு தூக்கு எலுமிச்சைச் சாதம், இரண்டு கேன் தண்ணீர் என்று புறப்பட்டோம். டல்லாஸ் போகும் 45ஆம் எண் நெடுஞ்சாலை. வழக்கமாக நான்கு மணி நேரப் பாதை. மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் கடந்திருந்தது ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசியை அணைத்தோம். வெளியே நம் ஊர் மே மாத வெயில். பையனுக்கு ஈரத் துண்டைச் சுற்றினோம். சாலையோரமெல்லாம் பெட்ரோல் தீர்ந்து தள்ளிவிடப்பட்ட கார்கள்.

இன்றும் கண்ணில் நிற்பது எதிர்ப்புறச் சாலை. நகரத்தை நோக்கி வரும் அத்தனை தடங்களும் வெறிச்சோடிக் கிடந்தன. நடுவில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். அந்தத் தடங்களையும் ஒரே திசைக்குத் திறந்துவிடும் முடிவு அன்றைய தினம் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் நாங்கள் வெறுத்துப்போய்த் திரும்பிவிட்டோம். ஒன்பது மணி நேரம் போன தூரத்தை நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தேன்.

புயல் கடைசியில் கிழக்கே விலகி, டெக்சாஸ்–லூசியானா எல்லையில் கரையேறியது. எங்கள் தெருவில் இரண்டு மரக்கிளை விழுந்தது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வெளியேறும் வழியில். டல்லாஸுக்கு அருகே முதியோர் இல்லத்தவரை ஏற்றிவந்த பஸ் தீப்பிடித்து 23 பேர் போனார்கள். அந்தச் சாலையை அடைத்தவர்களில் நானும் ஒருவன். போகவேண்டிய அவசியமே இல்லாத ஆள்.

---

கணக்கு வாத்தியார்

பாலக்கோட்டு நண்பர் சொன்னதற்குத் துறையில் பெயர் உண்டு: நிழல் வெளியேற்றம். கிளம்பச் சொல்லாதவர்களும் கிளம்புவது. கடலோரத்து மக்கள் தொகையை மட்டும் போட்டுச் செய்த எந்தச் சிமுலேஷனும் ரீட்டாவைக் காட்டியிருக்காது.

பாரூர் தம்பி, உங்கள் அடுத்த பிழை "சீராகப் புறப்படுகின்றன" என்பது. மனிதர்கள் அப்படிக் கிளம்புவதில்லை. முதலில் ஒருசிலர், அறிவிப்பு வந்ததும் பெருங்கூட்டம், கடைசியில் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் ஒருசிலர். 77ஐ மட்டும் எடுத்து வெறும் காகிதத்தில் பார்ப்போம். இருவழிச் சாலை, ஒரு திசைக்கு ஒரு தடம். எல்லாம் நல்லபடியாக இருந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 கார் போகலாம். 20,000ஐ 12ஆல் வகுத்தால் 1,667, ஆக எப்படியோ தப்பிக்கிறது. ஆனால் பாதிப் பேர் நடு நான்கு மணி நேரத்தில் கிளம்பினால் மணிக்கு 2,500. மணிக்கு 500 கார் மிச்சம், நான்கு மணி நேரத்தில் 2,000 கார். சுமோவில் நிற்கும் காருக்கு இடைவெளியோடு ஏழரை மீட்டர். பதினைந்து கிலோமீட்டர் வால். நெரிசல் வந்தபின் தடத்தின் கொள்ளளவும் 2,000இலிருந்து இறங்கிவிடும் என்பதை நான் சேர்க்கவே இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு முதலில் சூடுபிடித்தது புயலுக்காக அல்ல. 1979இல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துக்குப் பிறகு, சுற்றுவட்டாரம் காலியாக எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒவ்வொரு உலையும் சொல்லவேண்டி வந்தது. புயல்காரர்கள் விழித்துக்கொண்டது 1999இல், ஃபிளாய்ட் புயலின்போது. தெற்குக் கரோலினா மாநிலத்தில், கடலோரச் சார்ல்ஸ்டனிலிருந்து உள்ளே இருக்கும் கொலம்பியா நகரம் இரண்டு மணி நேரப் பாதை. பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றவர்கள் உண்டு. எதிர்த்தடத்தைத் திறக்கும் திட்டங்களைக் கடலோர மாநிலங்கள் வரிசையாக எழுதத் தொடங்கியது அதன்பின்தான்.

---

பதினாறு சக்கரம்

காரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் லாரி எங்கே?

புயல் என்று சொன்னால் பெங்களூரு லாரி நின்றுவிடுமா? கிரானைட் கல் துறைமுகத்துக்குப் போகும், தக்காளி கோயம்பேட்டுக்குப் போகும், சீசனாக இருந்தால் மாங்கூழ் டிரம் போகும். துறைமுகத்தை மூடிவிட்டார்கள் என்று வழியில் போன் வந்தால் டிரைவர் என்ன செய்வான்? ஓரம் கட்டுவான். ஒருவன் கட்டினால் அவன் பின்னால் நாற்பது பேர் கட்டுவார்கள். மூன்று தடம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் இரண்டுதான் இருக்கும். இதையும் போடுங்கள்.

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது ஜூஜூவாடியில் நின்றவன் நான். அத்திப்பள்ளியைத் தாண்ட வழியில்லை. சனங்கள் பெங்களூரிலிருந்து வந்த வண்டியை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்தே எல்லையைத் தாண்டி வந்தார்கள். இந்தப் பக்கம் ஓசூருக்குப் போக எந்த வண்டி கிடைத்தாலும் ஏறினார்கள். என் கேபினில் ஒன்பது பேர். உங்கள் கணினியில் காரை விட்டு இறங்கி நடக்கும் ஆள் உண்டா?

---

பாரூர் ஏரிக்கரை

அண்ணா, நடப்பவர்களைச் சேர்க்க முடியும். பாதியில் காரை விட்டுவிட்டு நடப்பவரைச் சேர்க்க எனக்குத் தெரியவில்லை. லாரியை இன்று சேர்க்கிறேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பின் கணக்கில் ஒரு லாரி மூன்று கார், ஒரு பைக் அரைக் கார்.

---

கணக்கு வாத்தியார்

அந்த அரைக் கார் நகரும் பைக்குக்கு. நெரிசலில் பைக் அரைக் காரும் இல்லை, கால் காரும் இல்லை, தண்ணீர் மாதிரி இடுக்கில் புகுந்து முன்னால் வந்துவிடும். சுமோவில் தடத்தைக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரிக்கும் வசதி உண்டு. அதை இயக்கினால் பைக் காருக்குப் பக்கத்தில் நிற்கும். இல்லையென்றால் டிவிஎஸ் ஐம்பதும் ஒழுங்காக வரிசையில் நிற்கும், அப்படி ஓர் ஊரை நான் பார்த்ததில்லை.

---

கடலூர்க்காரி

எல்லாரும் மன்னிக்கவும். இழையின் அடிப்படையிலேயே எனக்குச் சந்தேகம். திருமணமாகித் தருமபுரிக்கு வந்தவள். பிறந்தது கடலூர் துறைமுகத்துப் பக்கம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் காரே இல்லை. நாங்கள் போனது முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கூடம். நடந்து போனோம். அம்மா வர மறுத்தார், ஆட்டை யார் பார்ப்பது என்று. கடைசியில் ஆடும் வந்தது. ஐந்தாம் வகுப்பு பெஞ்சுக்குக் கட்டிவைத்தோம், விடியும்போது வருகைப் பதிவேட்டின் அட்டையைத் தின்றிருந்தது.

நம் நாட்டில் இதை நன்றாகச் செய்துகாட்டியது ஒடிசா. 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேரை இழந்த மாநிலம். 2019 மே மாதம் ஃபானி வந்தபோது சுமார் 12 லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். யாரும் முந்நூறு கிலோமீட்டர் காரோட்டவில்லை. கூப்பிடு தூரத்தில் தூண் மேல் நிற்கும் புயல் காப்பகம், அங்கே அடுப்பு, அரிசி, கதவைத் தட்டிக் கூப்பிட ஊர்க்காரர்களே. அதற்குச் சிமுலேஷன் செய்வதானால் சாலையை அல்ல, கிழவி வீட்டைவிட்டுக் கிளம்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைச் செய்யவேண்டும்.

சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமே? 2024 அக்டோபரில் பெருமழை என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காரைத்தான் காப்பாற்றினார்கள், ஆள் வீட்டிலேயே இருந்தார்கள். அந்த 60,000 கார் கிருஷ்ணகிரிக்கு வராது.

---

பாலக்கோட்டுக்காரன்

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரே ஓர் ஐயம். ஹூஸ்டனிலும் அதற்கு முன் யாரும் அப்படிக் கூட்டமாகக் கிளம்பியதில்லை. கத்ரீனாவைப் பார்த்த கண்தான் எங்களைக் கிளப்பியது. 2015இல் சென்னையில் மொட்டை மாடியில் இரண்டு நாள் நின்றவர்கள் அடுத்த முறை மேம்பாலத்தோடு நிற்பார்கள் என்று சொல்ல முடியுமா?

---

இழை மேலாளர்

எந்தக் கட்சி ஆட்சியில் எந்த ஏரி தூர்வாரப்பட்டது என்ற நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சாலை.

---

பாரூர் ஏரிக்கரை

கடலூர் அக்கா சொன்னதை ஏற்றுக்கொண்டு கார்களை 25,000ஆகக் குறைத்தேன். வாத்தியார் சொன்னபடி முதலில் சிலர், நடுவில் பெருங்கூட்டம், கடைசியில் சிலர் என்று கிளப்பினேன். லாரியைச் சேர்த்தேன். 48 எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. 77 ஊத்தங்கரைக்கும் மத்தூருக்கும் நடுவே படுத்துவிடுகிறது.

அதனால் பாலக்கோட்டு அண்ணன் சொன்ன வைத்தியத்தைப் பார்த்தேன். திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி வரை 77 முழுவதையும் மேற்கு நோக்கி ஒருவழியாக்கினேன். இரண்டு மடங்கு போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கிருஷ்ணகிரியில் இரண்டு தடம் ஒன்றாகும் இடத்தில் வால் முளைக்கிறது. தொல்லையை ஊத்தங்கரையிலிருந்து எடுத்துக் கிருஷ்ணகிரியில் வைத்ததுதான் மிச்சம்.

---

கணக்கு வாத்தியார்

அமெரிக்காவிலும் அதேதான் நடந்தது. நான்கு தடச் சாலையை முழுக்க ஒரு திசைக்குத் திருப்பினால் கொள்ளளவு இரண்டு மடங்காகாது, மூன்றில் இரண்டு பங்கு கூடும் என்பதுதான் அங்கே பொறியாளர்கள் போட்ட மதிப்பீடு. ஓட்டுபவருக்கு எதிர்த்தடம் பழக்கமில்லை, பலகையெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதைவிட முக்கியம் இரண்டு முனைகளும். நியூ ஆர்லியன்ஸ் திட்டத்தை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கணினியில் ஓட்டியபோது, வண்டிகள் எதிர்த்தடத்துக்கு மாறி ஏறும் வாய் போதாமல் அந்தத் தடம் பாதி காலியாகப் போவது தெரிந்தது. 2004இல் ஐவன் புயலின்போது மக்கள் சாலையில் சிக்கித் தவித்தார்கள். திட்டத்தை மாற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு கத்ரீனாவுக்கு முன் கார் வைத்திருந்தவர்கள் பெருமளவு வெளியேற முடிந்தது. கார் இல்லாதவர்கள் நகரத்திலேயே இருந்தார்கள், மீதிக் கதை உலகத்துக்கே தெரியும்.

இன்னொன்று. எதிர்த்தடத்தை மூடினால் ஊத்தங்கரைக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியில் போகும்? பெட்ரோல் டேங்கர் எந்த வழியில் போகும்?

---

கோடி போன ஏரி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஊத்தங்கரையில் சொந்தமாகக் கடை. உங்கள் வரைபடத்தில் எங்கள் ஊர் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. கடற்கரைக்கு நேராக நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறோம், நமக்கென்ன என்று கடையைத் திறந்து வியாபாரம் செய்தோம். புயல் வலுவிழந்துவிட்டது என்று செய்தி. அது வந்த வழியைப் பாருங்கள்: புதுச்சேரி, விழுப்புரம், திருவண்ணாமலை, பிறகு நாங்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் கடை ஷட்டரில் சேறு நின்ற கோடு என் மார்பு உயரம். நான் அதைக் கழுவவில்லை, பக்கத்தில் ஆணியால் தேதி கீறி வைத்திருக்கிறேன்.

ஏரி உபரிநீர் சாலையைக் கடந்தபோது ஓரத்தில் நின்ற வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி உருண்டு பள்ளத்துக்குப் போனதை நாடே செல்போனில் பார்த்தது. அதே நாளில் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் புதைந்தவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கணினி தெரியாது. கேட்பது ஒன்றுதான். நவம்பர் 29ஆம் தேதி புதுச்சேரியிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு காரில் ஏறி, உங்கள் 77ஆம் எண் சாலையில் பத்திரமாக மேற்கே வந்து, எங்கள் ஊர் லாட்ஜில் அறை எடுத்திருந்தால், உங்கள் கணக்கில் அவர் தப்பியவரா? கடைசிக் கார் ஊத்தங்கரையைத் தாண்டியதும் பச்சை விளக்கு எரியவிடுகிறீர்கள். மழை பின்னாலேயே அதே சாலையில் வந்துகொண்டிருக்கிறது.

---

பதினாறு சக்கரம்

இத்தனை பேர் எழுதியதில் இதுதான் பதிவு.

---

பாரூர் ஏரிக்கரை

மூன்று வாரமாக என் வரைபடத்தில் வானம் இல்லை.

நேற்றிரவு முழுக்க இதையே யோசித்தேன். 77இல் நிற்கும் வாலின் நீளம் இனி முக்கியமில்லை, அது *எங்கே* நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஊத்தங்கரைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் நடுவே, ஏரிக்கரை ஓரமாக வால் நின்றால் அது நெரிசல் மட்டும் அல்ல. சுமோவில் ஒரு சாலைத் துண்டைக் குறித்த நேரத்தில் மூட வழி இருக்கிறது, மூடினால் வண்டிகள் மாற்றுப்பாதை தேடும். கரையேறிய 24ஆவது மணி நேரத்தில் ஊத்தங்கரையை மூடப்போகிறேன். அப்போது உள்ளே எத்தனை வண்டி இருக்கிறது என்பதை மட்டும் எண்ணப்போகிறேன். கடைசிக் கார் எப்போது தாண்டியது என்ற எண்ணை இனிப் போடமாட்டேன்.

மாற்றுப்பாதை எது என்று தெரியவேண்டும். வரைபடத்தில் இருக்கும் சாலையெல்லாம் மழையில் இருக்குமா?

---

கோடி போன ஏரி

சிங்காரப்பேட்டையிலிருந்து வடக்கே திருப்பத்தூர் போகும் சாலையை வையுங்கள், அங்கிருந்து 48ஐப் பிடிக்கலாம். தெற்கே அரூர் சாலையை நம்பாதீர்கள், அந்தப் பக்கமும் அன்று வெள்ளம்தான். சின்னச் சின்னத் தரைப்பாலங்கள் உங்கள் படத்தில் சாலையாகத்தான் தெரியும். அவற்றை நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்த்ததில்லை.

---

கடலூர்க்காரி

திருப்பத்தூர் சாலைக்குத் திருப்பும் இடத்தில் யாராவது நின்று கையைக் காட்டவேண்டும். ஒடிசாவில் அதற்கு ஆள் இருந்தது. உங்கள் மென்பொருளில் வண்டிகள் தாமாகத் திரும்பிவிடும், நிஜத்தில் முன்னால் போகும் காரைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர் போவார்.

---

பாலக்கோட்டுக்காரன்

முன்னால் போன காரைப் பார்த்துத்தான் நானும் போனேன்.

---

பாரூர் ஏரிக்கரை

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊத்தங்கரை வருகிறேன். நான்கு முனைச் சந்திப்பில் ஒரு மணி நேரம் வண்டி எண்ணவேண்டும்: கார், லாரி, பஸ், பைக் தனித்தனியாக. பிறகு தரைப்பாலங்கள். நான் ஒருவனாக எண்ணினால் பைக்கைத் தவறவிடுவேன். இன்னும் இரண்டு பேர் தேவை.

---

பதினாறு சக்கரம்

லாரியை நான் எண்ணுகிறேன். ஏற்றியதா, காலியா என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

---

கோடி போன ஏரி

பைக் என் பொறுப்பு. கடை வாசலிலேயே உட்கார்ந்து எண்ணலாம், ஷட்டரில் அந்தக் கோடும் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள். டேப் கொண்டுவாருங்கள், தரையிலிருந்து எத்தனை அடி என்று இதுவரை யாரும் அளக்கவில்லை.